தண்ணீர் குடிக்க அஞ்சியவள்

வெயில் தாழ்ந்தும் வேர்வை தாழாத இந்த வேளையில், அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் கமலாம்பாள் அம்மையார் அவர்களே! ராயபுரத்துப் பெரியோர்களே! பஞ்சைச் சுவாசித்துப் பனியனை ஊருக்குக் கொடுத்த தோழர்களே! அடுப்பை அணைத்த கையோடு, அடுத்த வீட்டாளையும் இழுத்துக்கொண்டு வந்து மணலில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

தலை தாழ்ந்தது வணக்கத்துக்கு மட்டும்தான். இனி நிமிர்ந்துதான் பேசப் போகிறேன். என் நெஞ்சில் இன்று நெருப்பு இருக்கிறது.

மருதம்மாளின் கதையைச் சொல்லப் போகிறேன். அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். "சொல்லு கண்ணு, என்ற பேரையும் சேர்த்தே சொல்லு" என்று அனுப்பியிருக்கிறார்.

குன்னத்தூரில் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பிள்ளைகளைப் பெற்றார், வளர்த்தார், கட்டிக்கொடுத்தார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியும் பனியன் கம்பெனியில் மடிக்கும் மேசையில் எனக்கு எதிரே நின்றார். உட்கார முக்காலி கிடையாது. நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

அவருக்கு முதலில் வந்தது தாகம். செம்பு செம்பாகக் குடித்தும் தீராத தாகம். குடித்த தண்ணீர் உடம்பில் நிற்கவில்லை. ஓயாமல் வெளியே போக வேண்டியிருந்தது. சதை கரைந்தது, வளையல் முழங்கை வரை ஏறியது. ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு பயந்துபோய்க் கணவர் ஆத்தப்பனிடம் சொன்னார்.

என்ன சொன்னார் தெரியுமா ஆத்தப்பன்? "வயசானா அப்படித்தான் புள்ள. முருகன் பாத்துக்குவான், போ."

வயசானால் அப்படித்தானாம்! கேட்டீர்களா தாய்மார்களே! அதே வீட்டில் எருமை ஒரு வேளை தீனி எடுக்கவில்லை என்றால், ஊத்துக்குளியிலிருந்து மாட்டு வைத்தியர் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார். எருமைக்கு நோய் வந்தால் வைத்தியம். மனைவிக்கு நோய் வந்தால் வயசா? கறக்கிற வரைக்கும் எருமைக்குக் கவனிப்பு உண்டு. சாகிற வரைக்கும் சமைக்கிறாளே, அவளுக்கு என்ன உண்டு?

பந்தலோரத்தில் ஐயா ஒருவர் முணுமுணுக்கிறார். என்னங்க ஐயா? பொம்பளைங்க ஒதுங்கறதையெல்லாம் மேடையில் பேசலாமா என்கிறீர்களா? பேசாமல் இருந்துதான் ஐயா இத்தனை பெண்களைப் புதைத்தோம்! உங்களுக்கு வெட்கமாக இருந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். நான் வாயைப் பொத்த மாட்டேன்.

எங்கள் கம்பெனியில் பெண்கள் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. ரயில் பாதையோரத்து முள்ளுக்காடுதான் கதி. அதற்கும் மேஸ்திரி சாமியப்பன் மனது வைத்துக் கதவைத் திறக்க வேண்டும். ஒருநாள் மருதம்மாள் மறுபடியும் போய் நின்றபோது, எல்லோர் காதிலும் விழும்படி மேஸ்திரி கேட்டார்: "ஏனுங்க மருதம்மா, நீங்க பனியன் மடிக்க வர்றீங்களா, முள்ளுக்காட்டுக்குக் காவலிருக்க வர்றீங்களா?"

ஆண்கள் பக்கம் சிரிப்பு அலையடித்தது. மருதம்மாள் வெளியே போகவில்லை. திரும்பி வந்து மேசையருகே நின்றார். அன்றிலிருந்து கம்பெனியில் அவர் தண்ணீரைத் தொடவில்லை.

சித்திரை வெயில்! தலைக்கு மேலே தகரக் கூரை! உள்ளே தாகமாய் எரிகிற நோய்! குடித்தால் போக வேண்டும், போனால் சிரிப்பார்கள் என்று நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு மடித்தார் அந்தத் தாய். சில நாள்தான் தாங்கியது உடம்பு. ஒரு பிற்பகல், பனியன் அடுக்கின் மேலேயே சரிந்தார். மருதம்மாளின் பக்கத்து வீட்டு ஜெய்புன்னிசாவும் எங்களோடு மடிப்பவர்தான். "அக்கா! அக்கா!" என்று அலறி, தன் முந்தானையை நனைத்து முகத்தைத் துடைத்தார். அவரும் நானுமாகக் குதிரை வண்டியில் ஆசுபத்திரிக்குத் தூக்கிப் போனோம்.

"சர்க்கரை வியாதி முத்தியிருக்கு. தண்ணியே இல்லாம உடம்பு வத்திக் கிடக்கு. ஏன் குடிக்கலை?" என்று கேட்டார் டாக்டரம்மா. ஜெய்புன்னிசாதான் பதில் சொன்னார்: "கதவு தொறக்க மாட்டாங்கம்மா." அந்த டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டார். எத்தனையோ நோயைப் படித்தவர். இந்த நோயை எந்தப் பாடத்தில் படித்திருப்பார்?

பிழைத்தார் மருதம்மாள். ஆனால் ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். முன்பே! அந்த முன்பே எங்கே போயிற்று? ஆத்தப்பனின் அலட்சியத்திலும் சாமியப்பனின் சிரிப்பிலும் அல்லவா போயிற்று!

இது வந்துவிட்டுப் போகிற நோயல்ல. வாழ்நாள் முழுக்கக் கூட இருக்கிற நோய். தினமும் ஊசி. ஊசி போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். ஜெய்புன்னிசா ஆசுபத்திரியில் பழகிக்கொண்டு வந்து, ஊசியைக் கொதிக்கவைத்துப் போட்டுவிடுவார். முதல் நாள் காலையில், ஊசி போட்டதும் மருதம்மாள் தட்டெடுத்துக் களியைப் பிசைந்தார். குளிக்கக் கிளம்பிய ஆத்தப்பன் நின்றுவிட்டார்.

"ஏ புள்ள, நான் இன்னும் திங்கல. எனக்கு முந்தித் திங்கறயா?"

மருதம்மாள் ஒரு வாய் விழுங்கினார். பிறகு சொன்னார்: "ஊசி போட்டாச்சுங்க. திங்காட்டி மயங்கி விழுந்து செத்துருவனுங்க. நீங்க குளிச்சுட்டு வாங்க."

கைதட்டுங்கள், தாய்மார்களே! கணவனுக்குப் பின்னால் உண்டு உண்டே காலம் கழித்த ஒரு பெண், உயிருக்காக முன்னால் உண்டாள். வானம் இடிந்து விழவில்லை. ஆத்தப்பன் குளித்துவிட்டு வந்தார். தட்டை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்!

வேலைக்குத் திரும்பினார் மருதம்மாள். அன்றே குடத்திலிருந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார், எல்லோரும் பார்க்கக் குடித்தார். பிறகு கதவருகே போனார். "வந்ததும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார் மேஸ்திரி. அப்போது ஜெய்புன்னிசா கையிலிருந்த பனியனைக் கீழே வைத்தார். நானும் வைத்தேன். மேசை மேசையாகப் பெண்கள் எழுந்து போய் மருதம்மாளுக்குப் பின்னால் நின்றோம்.

"என்னங்க இது, அத்தனை பேருக்குமா?" என்று தடுமாறினார் சாமியப்பன். "ஆமாங்க, அத்தனை பேருக்குந்தான்" என்றார் மருதம்மாள்.

கதவு திறந்தது. அவர் போகும்போதெல்லாம் நாங்களும் போனோம். வாசலில் லாரி காத்துக் கிடந்தது, மடிக்க ஆளில்லை. மிரட்டினார்கள், போனோம். கணக்குத் தீர்த்து அனுப்புவோம் என்றார்கள், போனோம். அந்த வாரம் முடிவதற்குள் முதலாளியே வந்து பார்த்தார். ஆடி பிறப்பதற்குள், சுவரும் கூரையும் தாழ்ப்பாளும் கொண்ட கழிப்பறை கம்பெனிக்குள்ளேயே எழுந்தது. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது, தாய்மார்களே! திறக்கவும் மூடவும் யார் தயவும் வேண்டாம்!

ஆனால் என் கோபம் ஆறவில்லை. ஒரு கம்பெனியில் கட்டிவிட்டார்கள். இந்த ஊரில் எத்தனை கம்பெனிகள்! நாடு விடுதலை பெற்று இருபது ஆண்டு கடந்தும், தண்ணீர் குடிக்க அஞ்சுகிற தாய் இங்கே இருக்கிறாளே! மூட்டு வீங்கியவள் முக்காலி கேட்டால் சோம்பேறியா? மாதவிடாய் நின்ற பிறகும் உதிரம் கண்டவள் மருத்துவம் கேட்டால் மானங்கெட்டவளா? கர்ப்பப்பை இறங்கி, துணியை வைத்துக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்குகிறாளே, அவளிடம் போய் வயசானால் அப்படித்தான் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? வயது நோயல்ல! வயதைச் சாக்காக்கி வாசலை அடைக்கிறார்களே, அதுதான் நோய்!

வலித்தால் சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் ஊர் கேட்கச் சொல்லுங்கள். நாளைக் காலை சங்கு ஊதும், வேலைக்குப் போவீர்கள். எங்கேயாவது ஒரு கதவருகே ஒரு பெண் தலைகுனிந்து நிற்பாள். அவள் எந்த ஊர், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவள் என்று கேட்காதீர்கள். கையிலிருக்கும் வேலையைக் கீழே வையுங்கள். எழுந்து போய் அவள் பின்னால் நில்லுங்கள்!

இவ்வளவு நேரம் என் கோபத்துக்குச் செவி கொடுத்த உங்களுக்கும், இடம் கொடுத்த தலைவர் அம்மையாருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி அமர்கிறேன். வாழ்க என் தாய்மார்கள்! வலியின்றி, நெடுங்காலம் வாழ்க! வணக்கம்.