துரு நாகத்தின் முதல் குரல்

ராக் இசை வரலாற்றில் உண்மைக்காக என் அளவுக்கு உழைத்தவன் பாண்டுங் நகரத்தில் மட்டுமல்ல, ஜாவாத் தீவிலேயே கிடையாது. சுமத்ராவில் யாராவது இருக்கலாம், விசாரிக்கவில்லை. விசாரிக்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

நான் ஆராய்ந்தது நாகா காராட் என்ற ஒரே ஒரு குழுவை. துருப்பிடித்த நாகம் என்று பொருள். 1994இல் முதல் ஆல்பம் வந்தது. 1999இல் அடித்துக்கொண்டு பிரிந்தார்கள். 2009இல் பாடகர் ஹெர்லான் மோட்டார் சைக்கிளோடு லாரிக்கு அடியில் போனார். இவ்வளவும் ஊருக்கே தெரியும். 1994க்கு முன்னால் என்ன நடந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது. மிச்சமிருக்கும் மூன்று பேரைக் கேட்டால், அந்த வருஷங்களில் தாங்கள் சுயநினைவோடு இருந்ததே குறைவு என்கிறார்கள். பிரிந்தபிறகு மூவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

ஆகவே ரசிகர்களான நாங்கள், ஒரு கண்காட்சி வைக்கும் எண்ணத்தோடு, துண்டு துண்டாகச் சேகரித்தோம். சனிக்கிழமை மதியம் சிச்சாடாஸ் பகுதியில் காங் ஓடெட்டின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் கூடுவோம். காங் என்றால் அண்ணன். எண்ணெய்ப் பிசுக்கு நாற்காலிகள், ஒரு தட்டு பொரித்த மீன் பாத்தாகோர், முப்பது வருஷத்துப் பழைய போஸ்டர்கள். மற்றவர்களுக்கு வயது ஐம்பது. எனக்கு இருபத்திரண்டு; கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். குழு பிரிந்து நான்கு வருஷம் கழித்துப் பிறந்தவன். அதுதான் என் தகுதி. பாசம் கண்ணை மறைக்காது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர்களிடம் ஒழுங்கு என்பதே இல்லை. ஒவ்வொருவரும் "நான் அங்க இருந்தேன்" என்று ஆரம்பிப்பார்கள். போன மாதம் நூறு பேராக இருந்த கூட்டம் இந்த மாதம் நானூறு ஆகும். நான் ஒரு விதி போட்டேன்: ஒரு தாள், ஒரு ஒலி. நோட்டீஸோ டிக்கெட்டோ ஒன்று, பதிவு செய்த கேசட் ஒன்று, இரண்டும் இருந்தால்தான் ஒரு சம்பவம் எங்கள் வரலாற்றில் ஏறும். வாய்ச் சாட்சி செல்லாது. வாய்ச் சாட்சிக்காரர்களைப் போல நான் நடித்தும் காட்டுவேன், கண்ணை மூடி, உதடு துடிக்க, "நான் அங்க இருந்தேண்டா..." கல்லூரி விழாவில் அதற்குப் பரிசுகூடக் கிடைத்தது.

நான் அதிகம் நடித்துக்காட்டியது காங் ஓடெட்டைத்தான்.

"ஹெர்லானுக்கு முன்னாடி ஒரு பொண்ணு பாடுச்சுடா. தொண்ணூத்திரெண்டுல. பள்ளிக்கூட ஹால்ல. நான் அங்க இருந்தேன்."

"எந்தப் பள்ளிக்கூடம், காங்?"

"அது... மறந்துபோச்சு."

"பொண்ணு பேரு?"

"அதுவும்தான்."

"நீங்க அங்க இருந்தது மட்டும் மறக்கல."

பட்டறையே சிரித்தது. காங் ஓடெட்டும் சிரித்தார். அவர் யாரிடமும் கோபித்துக்கொள்ள மாட்டார். எல்லாரும் அவரிடமே வண்டியைப் பழுது பார்க்கக் கொடுக்க அது ஒரு காரணம்.

அவர் கோபித்துக்கொள்வதற்குப் பதிலாகத் தேடியிருக்கிறார். எட்டு மாதம். போன ஆண்டு ஒரு சனிக்கிழமை, மஜலாயாவில் கிலோக் கணக்கில் துணி வெளுக்கும் கடை வைத்திருக்கும் ஐம்பது வயதுப் பெண்மணியைப் பட்டறைக்குக் கூட்டிவந்தார். பெயர் இமாஸ். எல்லாரும் தேத்தே இமாஸ் என்றார்கள். அக்கா என்பது போல. கூடவே அவருடைய மகள் வுலான், பத்தொன்பது வயது.

தேத்தே இமாஸுக்குக் குரல் இல்லை. கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தபோது வுலானுக்கு இரண்டு வயதாம். காற்றாக மட்டும் பேசுவார். பட்டறையில் காற்றழுத்த இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"என் குரல் உப்பு வாங்கக் கடைக்குப் போச்சு. பதினேழு வருஷமாத் திரும்பி வரல," என்றார்.

ஒரு துணிப்பையைப் பிரித்து, அதற்குள்ளிருந்த இன்னொரு துணிப்பையைப் பிரித்து, ஒரு கேசட்டை எடுத்தார். கூடவே நான்காக மடித்த ஒரு நோட்டீஸ். மேல்நிலைப் பள்ளி ஒன்றின் கலைவிழா, அக்டோபர் 1992. நாகா காராட். பாடுபவர்: இமாஸ். தாள் அசல்தான். மை, எழுத்து, மடிப்பில் விழுந்த மஞ்சள், எல்லாவற்றையும் பார்த்தேன். இந்த விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது.

"அப்பா பாட விடல. நூல் ஆலைக்கு அனுப்பிட்டாரு. ஒத்திகையில பதிஞ்சது இது ஒண்ணுதான் இருக்கு. கேசட் முதுகுல இருக்குற ரெண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைச்சு வச்சிருக்கேன், எவனும் மேல பதிஞ்சிடக் கூடாதுன்னு. வீட்டு டேப் செத்துப்போயி வருஷமாச்சு. கடையில குடுக்க பயம், மிஷின் நாடாவை மென்னு தின்னுடும்."

"உங்களுக்கு என்ன வேணும், தேத்தே?" என்று கேட்டேன்.

"உங்க கண்காட்சியில எம் பேரு வந்தா நல்லாத்தான் இருக்கும். வரலேன்னாலும் சரி. இவ ஒரு தடவை கேக்கணும். நான் பாடுவேன்னு சொன்னா இவ நம்ப மாட்டேங்குறா."

"நம்புறேம்மா," என்றாள் வுலான். "சோறு வடிக்கும்போது நீ விசிலடிக்கிறியே, அதுவே சுருதியில இல்ல. அதான் யோசிக்கிறேன்."

தேத்தே மகளின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார்.

பழைய கேசட்டைப் பழுதில்லாமல் ஓட்டும் இயந்திரம் எங்களில் என்னிடம்தான் இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காங் ஓடெட் சொன்னார்: "தீர்த்தாகிட்ட குடுங்க. இவன் வாய்தான் மோசம். கை சுத்தம்."

அடுத்த சனிக்கிழமை அங்கேயே எல்லார் முன்னாலும் போட்டுக்காட்டுவதாக ஏற்பாடு.

மறுநாள் காலை என் அறையில் கேட்டேன். மூன்று பாடல்கள். மூன்றாவது, ஊரே பாடும் 'ஈரச் செருப்பு'. ஹெர்லான் கத்திப் பாடுவதை இந்தப் பெண் கத்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவது போலப் பாடியிருந்தார். கேட்கையில் என் முன்கையில் மயிர் நின்றது. ஜன்னல் திறந்திருந்தது, அதுவாக இருக்கலாம்.

அதைப் பாடுவதற்கு முன்னால் அந்தப் பெண் இரண்டு வாக்கியம் பேசினார். "இது என் செருப்பைப் பத்தின பாட்டு. வெள்ளிக்கிழமை மசூதி வாசல்ல எவனோ போட்டுட்டுப் போயிட்டான், அவன் காலு அழுகிப்போகட்டும்."

இப்போது என் நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'முதல் ஆண்டு' என்று பெயர். குழுவின் தொடக்கம் பற்றிய முதல் முறையான ஆய்வு. அச்சகத்தில் இருந்தது; கண்காட்சியில் வெளியீடு. அதில் 'ஈரச் செருப்பு' பற்றி மட்டும் பதினொரு பக்கம். செருப்பு என்பது ராணுவ ஆட்சியின் பூட்ஸுக்கு எதிர்ப்பதம் என்றும், ஈரம் என்பது மக்களின் கண்ணீர் என்றும், ஹெர்லான் இதை 1993இல் ஒரு சிறைவாசல் அருகே எழுதினார் என்றும் நிறுவியிருந்தேன். என் பேராசிரியர் அந்தப் பதினொரு பக்கத்தையும் தம் வகுப்பில் பாடமாக வைத்திருந்தார்.

சிறைவாசலுக்கு என்ன ஆதாரம் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. விதி சம்பவங்களுக்குத்தான். விளக்கங்களுக்கு அல்ல.

நான் கோபப்படவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நிதானமாக யோசித்தேன். ஒரு பக்கம் முப்பது வருஷமாக லட்சம் பேர் நம்பி அழுத ஒரு பாட்டு. இன்னொரு பக்கம் ஒரு ஜோடிச் செருப்பு. வரலாறு என்பது என்ன நடந்தது என்பது மட்டுமல்ல, எது தாங்கும் என்பதும்தான். இந்தக் கேசட்டை இந்த வரலாறு தாங்காது. மேலும் அந்த அம்மாவுக்குப் பாட்டு நினைவில் இருக்கிறது. மனத்தில் இருப்பதை யாரும் பறிக்கவில்லை.

உடைந்த பல்லின் குழியில் தாளை மடித்துத் திணித்தால் மறுபடியும் பதியலாம். கேசட் காலத்து ஆட்களுக்கு இது தெரியும். எனக்குப் படித்துத் தெரியும். மேசையில் கிடந்த தாள் ஒன்றைக் கிழித்து மடித்து அடைத்தேன். எந்த ஒலிவாங்கியும் செருகாமல் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லக்கூடியவர்களுக்கு இந்த முறை உதவாது. கேசட்டை அழிக்க, பாடுவதற்கு ஆன அதே நேரம் ஆகும். ஒரு பக்கம் இருபத்துமூன்று நிமிடம். முதல் பாட்டு போகும்போது காப்பி போட்டேன். இரண்டாவது போகும்போது நகம் வெட்டினேன். பதினாறாவது நிமிடத்தில் மூன்றாம் பாடல் தொடங்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அரைகுறையான ஆவணம் ஒன்று மிஞ்சியிருக்கும். அரைகுறை ஆவணம் ஆய்வுக்கு ஆபத்து.

சனிக்கிழமை பட்டறை நிறைந்திருந்தது. தேத்தே இமாஸ் புதுச் சட்டை போட்டு, தலைத்துணியில் ஊசி குத்தி வந்திருந்தார். வுலான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என் கேசட் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் போட்டேன். சீறல். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். காங் ஓடெட் காற்றழுத்த இயந்திரம் நின்றிருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் போகட்டும்," என்றார் தேத்தே. "முன்னாடி கொஞ்சம் காலியா இருக்கும்."

இருபத்துமூன்று நிமிடம் ஓடவிட்டேன். நேர்மையாக இருக்க வேண்டும் அல்லவா.

"மறுபக்கம் போடு," என்றாள் வுலான். மறுபக்கமும் சீறல், அதில் ஆதியிலிருந்தே எதுவும் இல்லை.

பின்னால் ஒருவர், "உப்பு வாங்கப் போனது குரல் மட்டுமில்ல போல," என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"சில நாடாக்களில் காந்தப் பூச்சு தானாகவே உதிர்ந்துவிடும்," என்று விளக்கினேன். "அல்லது முதலிலேயே பதிவாகாமல் இருந்திருக்கலாம். சின்ன வயசு, ஆசை. மனசு சில நேரம் நடக்காததையும் நடந்ததா ஞாபகம் வச்சுக்கும், தேத்தே. உங்க தப்பு இல்ல."

அவர் வெகுநேரம் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நோட்டீஸ்ல எம் பேரு இருக்கே," என்றார். பிறகு, "பேரு போட்டாங்க. பாடினேனா இல்லையான்னு... இருக்கலாம், தீர்த்தா. நீ படிச்சவன். உன் நேரத்தை வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்கோ."

காங் ஓடெட் எழுந்து நின்று, எட்டு மாதம் எல்லாரையும் அலைக்கழித்ததற்காக மன்னிப்புக் கேட்டார். தான் அந்த ஹாலில் இருந்ததாகச் சொன்னதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரு தாள், ஒரு ஒலி. விதி வேலை செய்வதைப் பார்ப்பதில் ஒரு அமைதி இருக்கிறது.

நூல் வெளியானது. நன்றாகப் போயிற்று.

என் பிழை ஒன்றே ஒன்றுதான். குழியில் அடைத்த தாளை எடுக்க மறந்துவிட்டேன். கேசட்டோடு வளர்ந்தவன் எவனும் இந்தத் தவற்றைச் செய்ய மாட்டான். அவன் கை தானாகவே அதை எடுத்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து காங் ஓடெட் கல்லூரி உணவகத்துக்கு வந்தார். எதிரில் உட்கார்ந்து, மேசையில் ஒரு சிறு தாள் மடிப்பை வைத்துப் பிரித்தார். என் நூலின் மெய்ப்புத் தாளில் ஒரு மூலை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

"வுலான் கொண்டுவந்து, 'இது என்ன காங், கேசட்டுக்குள்ள தாளு'ன்னு கேட்டா."

அவர் கை பெரியது. மட்கார்டை வெறும் கையால் நிமிர்த்துபவர். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும்.

"எல்லார்கிட்டயும் சொல்லப் போறீங்களா?"

"சொன்னா, நீ அழிச்சதைப் பத்திப் பேசுவானுங்க. அவ பாடினதைப் பத்தி எவன் பேசுவான்? அதுக்குத்தான் ஒலி இல்லையே." தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வுலானுக்கு மட்டும் சொல்லிட்டேன். இமாஸுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். இப்பல்லாம் அவ சோறு வடிக்கும்போது விசிலடிக்கிறதில்லையாம். 'என்னத்தையோ கனவு கண்டுட்டு இத்தனை வருஷம் திரிஞ்சிருக்கேன்'னு சிரிக்கிறாளாம்."

"நான் என்ன செய்யணும், காங்?"

"உலகத்துல அந்தக் கேசட்டைக் கேட்ட காது இனி உன்னோடதுதான், நாயே. அந்தப் பொண்ணு வுலான் வரும். கேக்குறதுக்குப் பதில் சொல்லு."

இந்த வாக்குமூலத்தை மன்னிப்புக்காக நான் எழுதவில்லை. இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. உண்மை எங்காவது ஓரிடத்தில் சரியாகப் பதிவாக வேண்டும். இமாஸ் என்பவர் 1992இல் மூன்று பாடல்கள் பாடினார். நான் கேட்டேன். நான் அழித்தேன். இதற்கு என்னிடம் தாளும் இல்லை, ஒலியும் இல்லை. நீங்கள் நம்ப வேண்டியதில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

வுலான் சனிக்கிழமைகளில் வருகிறாள். என்னைத் திட்டுவதில்லை. உணவகத்தில் எதிரே உட்கார்ந்து நோட்டைத் திறப்பாள்.

"எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவது போல. இரண்டாம் பாடலில் ஒரு இடத்தில் மூச்சு வாங்கியது. செருப்பைத் திருடியவனுக்குக் கொடுத்த சாபம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். ஒரே வாரத்தில் எனக்குத் தெரிந்தது எல்லாம் தீர்ந்துவிட்டது.

"நடுவுல எங்கயாவது அம்மா சிரிச்சாங்களா?" என்று கேட்டாள். பேனா காத்திருந்தது.

நாடாவில் சிரிப்பு எதுவும் இல்லை.

"சிரிச்சாங்க," என்றேன். "ரெண்டு தடவை."

எழுதிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை வந்தபோது, ஒத்திகை நடந்த அன்றைக்கு வெளியே நல்ல மழை என்றும், அந்த மழையையும் தாண்டி அவள் அம்மாவின் குரல் கேட்டது என்றும் சொன்னேன்.