ஆமென் அத்தை

இரவு பத்தரை இருக்கும். ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் முன்பக்கம் எப்போதும் வெளிச்சமாக இருக்கும். பின்பக்கத்தில் ஒரு சாலை… ஒரு பக்கம் நீளமான மதில், இன்னொரு பக்கம் காலி மனை. நாய்கூட அந்த நேரத்தில் அங்கே போகாது. அந்தச் சாலையில் ஒரு அம்மா தனியாக நடந்து போகிறார்…

கொஞ்சம் நிறுத்துகிறேன். மேலே சொல்வதற்கு முன்னால் ஒரு நிபந்தனை. இந்தக் கதைக்கு யாரும் ‘ம்’ கொட்டக் கூடாது. தலையை ஆட்டினால் போதும். ஏன் என்று கதை முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த அம்மா என் நண்பனுக்குச் சொந்த அத்தை, அப்பாவின் கூடப்பிறந்தவர். அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவருக்கு நைட் ஷிஃப்ட். தரைக்குக் கீழே ஒரு நீள அறை, அதில் ஒரு ராட்சச வாஷிங் மெஷின். அதற்கு ‘யானை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. கூரையிலிருந்து ஒரு அகலமான தகரக் குழாய் இறங்கும். வார்டுகளில் அவிழ்த்த படுக்கை விரிப்புகளையும் உறைகளையும் மூட்டை கட்டி மேலேயிருந்து அதில் போடுவார்கள். சர்ர்ர்… தொப். ப்ளீச்சிங் பவுடர் வாசனை, சூடான துணியின் வாசனை, அதற்கடியில் இன்னொரு வாசனை. அது என்ன என்று நான் சொல்லப் போவதில்லை.

ராத்திரி முழுக்க அங்கே அத்தை மட்டும்தான். வெளியே பாய்லர்காரர் ஒருவர் இருப்பார். அவரும் பாதி நேரம் குறட்டைதான்.

அத்தைக்கு ஜெபம் என்றால் உயிர். ஆனால் நைட் ஷிஃப்ட்காரருக்கு ஞாயிறு ஆராதனை எப்படி வாய்க்கும்? காலையில் வந்து குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனால், பிரசங்கம் தொடங்கும் முன்பே தலை சாய்ந்துவிடும். ஒரு முறை பக்கத்து அம்மாவின் தோளில் தூங்கி, காணிக்கைப் பை வந்தபோது அதைத் தலையணை என்று நினைத்து அணைத்துக்கொண்டாராம். இன்றும் அந்தச் சபையில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதனால் ராத்திரி வேலை பார்ப்பவர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு நர்ஸ், ஒரு வாட்ச்மேன், ஒரு லாரி டிரைவர், நம் அத்தை. ராத்திரி இரண்டு மணிக்கு நான்கு பேரும் போனில் ஒரே அழைப்பில் சேர்ந்து ஜெபிப்பார்கள். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர்கள் தங்கள் பக்கத்துச் சத்தம் கேட்காமல் மைக்கை அடைத்துவைப்பார்கள். எல்லோரும் அடைத்துவிட்டால் ஜெபிப்பவருக்குச் சுவரோடு பேசுவதுபோல இருக்கும் அல்லவா? ஆகவே ஒரு ஆள் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, நிறுத்தும் இடமெல்லாம் ஆமென் சொல்ல வேண்டும். அந்த வேலை அத்தையிடம் வந்தது. வாயருகே ஒட்டினாற்போல் மைக் வைத்த இயர்போன் அவரிடம்தான் இருந்தது. பெயரும் ஆமென் அத்தை என்றே நிலைத்துவிட்டது.

இதில் ஒரு சின்னக் கள்ளத்தனம் உண்டு. யானை ஓடும்போது அத்தைக்கு இயர்போனில் வார்த்தை ஒன்றும் கேட்காது. அதற்காக வேலையை நிறுத்த முடியுமா? ஆனால் ஜெபத்துக்கு ஒரு ராகம் உண்டே. குரல் ஏறும்… ஏறும்… ஒரு இடத்தில் நிற்கும். நிற்கும் இடத்தில் ஆமென். அவ்வளவுதான். கை விரிப்பை உதறிக்கொண்டிருக்கும், வாய் ஆமென் சொல்லிக்கொண்டிருக்கும்.

அத்தைக்கு ஒரே மகள். கல்லூரியில் படிக்கிறாள். அப்பா இல்லை. ராத்திரியில் வீட்டில் தனியாகத்தான் படுப்பாள். அத்தையின் பயமெல்லாம் அந்தப் பிள்ளைமேல்தான். அவர் செய்கிற ஜெபத்தில் முக்கால்வாசி, ‘பிள்ளை தனியா இருக்கு, பாத்துக்கோங்க ஆண்டவரே’ என்பதுதான். சின்ன வயதில் அவளைப் படுக்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்துப் பழக்கியவர். அந்தப் பிள்ளை ஜெபம் முடிவதற்குள் தூங்கிவிடும். ஆனால் தூக்கத்திலேயே சரியாக ஆமென் சொல்லிவிடும். அதைப் பார்த்து அத்தைக்கு அவ்வளவு பெருமை.

இன்னொரு வழக்கமும் அத்தைக்கு உண்டு. குழாயில் மூட்டை விழுந்ததும் அதன்மேல் கையை வைத்து, “இதுல படுத்திருந்தவங்களுக்கு ஒரு நல்ல இடம் குடுங்க ஆண்டவரே” என்பார். பாஸ்டருக்கு விஷயம் தெரிந்து கண்டித்தார்.

“செத்துப்போனவங்களுக்காக ஜெபிக்கக் கூடாதும்மா.”

“செத்தாங்களா பொழைச்சாங்களான்னு துணிய பாத்து எப்படி ஐயா தெரியும்?” என்று கேட்டுவிட்டார் அத்தை.

ஒரு ராத்திரி… வாட்ச்மேன் ஜெபித்து முடித்தார். வழக்கமாக அவர்தான் கடைசி. அத்தை இயர்போனைக் கழற்றப் போனார். அதற்குள் இன்னொரு குரல் கேட்டது. பொம்பளைக் குரல், ரொம்ப மெதுவாக. யாரோ புது சிஸ்டர் சேர்ந்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டார். யானை ஓடிக்கொண்டிருந்தது. குரல் ஏறியது… நின்றது. அத்தை ஆமென் என்றார்.

மறுநாள் காலையில் மகள் சொன்னாள். “அம்மா, நேத்து ராத்திரி நம்ம தெருவுல ஒரு அம்மா நின்னுட்டே இருந்தாங்க. நம்ம வீட்டையே பாத்துட்டு.”

“பஸ்ஸுக்கு நின்னிருப்பாங்கடி.”

“அந்நேரத்துல ஏதும்மா பஸ்?”

அத்தைக்குத் தூக்கம் கண்ணைச் சொருகியது. போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்த ராத்திரியும் வாட்ச்மேனுக்குப் பிறகு அதே குரல். ஏறியது, நின்றது. ஆமென். காலையில் மகள், வாசலில் யாரோ வெறுங்காலோடு நடக்கிற சத்தம் கேட்டது என்றாள். ஈரக்கால் தரையில் ஒட்டி ஒட்டி எடுக்கிற சத்தம்… சப்… சப்… பூனையாக இருக்கும் என்றார் அத்தை. அதற்கும் அடுத்த ராத்திரி, ஆமென். காலையில், “கூடத்துல நாற்காலி இழுக்குற சத்தம் கேட்டுச்சும்மா. நீதான் சீக்கிரம் வந்துட்டியோன்னு நெனச்சு, அம்மான்னு கூப்பிட்டேன். பதிலே இல்ல” என்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. பரீட்சைப் பயம் என்று சொல்லி அத்தை தலையைத் தடவிவிட்டார்.

யார் அது ‘ம்’ கொட்டியது? சொன்னேன் அல்லவா… யாரும் இல்லையா? சரி. என் காதுக்குத்தான் அப்படிப் பட்டிருக்கும்.

அன்று ராத்திரி இரண்டு மணி. எல்லோரும் அழைப்பில் சேர்ந்தார்கள். தொடங்கும் முன்பே நர்ஸ் சிரித்துக்கொண்டு கேட்டார்.

“ஏன் அத்தை, நாங்க எல்லாரும் போன வச்சப்புறமும் தனியா ஆமென் சொல்லிட்டு இருக்கீங்களே? நேத்து நான் வைக்க மறந்துட்டேன். நீங்க பாட்டுக்கு சொல்லிட்டு இருக்கீங்க.”

“தனியா எங்க? அந்தப் புது சிஸ்டர் ஜெபிச்சாங்களே.”

“எந்த சிஸ்டர்? நான் கேட்டேனே… உங்க குரல் மட்டும்தான் இருந்துச்சு.”

ஜெபத்தைத் தொடங்கலாம் என்றார் அத்தை. டிரைவர் ஜெபித்தார், நர்ஸ் ஜெபித்தார், வாட்ச்மேன் ஜெபித்தார். வாட்ச்மேன் முடிக்கும் நேரத்தில் அத்தை போய் சிவப்புப் பொத்தானை அழுத்தி யானையை நிறுத்தினார். இத்தனை வருஷத்தில் பாதியில் அதை நிறுத்தியது அன்றைக்குத்தான். உள்ளே தண்ணீர் கடகடவென்று வடிந்தது. பிறகு அமைதி. எங்கேயோ ஒரு குழாய் மட்டும்… சொட்… சொட்…

ஒவ்வொருவராக வைத்தார்கள். டிக். டிக். டிக். போனைப் பார்த்தார். அழைப்பில் அத்தை ஒருவர்தான் இருந்தார்.

அப்புறம் குரல் வந்தது. முதல்முறையாக வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. ரொம்ப நாள் படுத்தே கிடந்தவர்கள் பேசுகிற மாதிரி, வறண்ட தொண்டை.

“எனக்காக ஒரு நல்ல இடம் கேட்டீர்களே, ஸ்தோத்திரம். தெருவைத் தந்தீர்கள், ஸ்தோத்திரம். வாசலைத் தந்தீர்கள், ஸ்தோத்திரம். கூடத்தைத் தந்தீர்கள், ஸ்தோத்திரம்… இன்றைக்கு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் தாரும்…”

குரல் நின்றது. காத்திருந்தது.

அத்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பழகிய நாக்கு உள்ளே துடிக்கிறது. அது தானாக வந்துவிடுமோ என்று பயந்து உதட்டைக் கடித்தார். ரத்தம் உப்புக் கரித்தது.

“அந்தப் பிள்ளையின் பக்கத்தில்… எனக்கு ஒரு இடம் தாரும்…”

மறுபடியும் நின்றது. சொட்… சொட்… அத்தை சொல்லவில்லை. செத்தாலும் சொல்வதில்லை என்று நின்றார். அவர் சொல்லாமல் அது எப்படி உள்ளே போகும்? ஜெயித்துவிட்டோம் என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

அப்போது இயர்போனில் இன்னொரு மூச்சுச் சத்தம் கேட்டது. தூங்குகிறவர்களின் மூச்சு. போர்வை சரசரக்கிற சத்தம். பாதித் தூக்கத்தில், குழந்தைக் குரல்போல…

“ஆமென்.”

அது அவருடைய மகளின் குரல்.

அத்தை ஓடினார். பாய்லர்காரர் விழித்துக்கொண்டு, “என்னம்மா, என்ன ஆச்சு?” என்று கேட்டது காதில் விழவில்லை. அந்த மதில் ஓரச் சாலையில், சலவைக்கூடத்து ஈரச் செருப்போடு, வீடுவரை ஓட்டம்தான். பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது. அவசரத்தில் சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. உள்ளே போய் விளக்கைப் போட்டார். மகள் சுவரோரமாக ஒடுங்கிப் படுத்திருந்தாள். மூச்சு சீராக வந்தது. அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் கட்டிலின் மற்ற பாதியைப் பார்த்தார். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. மூலையை மடித்துச் செருகி, இழுத்துக் கட்டியிருந்தது. வீட்டில் யாரும் அப்படி விரிப்பதில்லை. ஆஸ்பத்திரியில்தான் விரிப்பார்கள். அறையில் லேசாக ப்ளீச்சிங் பவுடர் வாசனை. அது தன் உடம்பிலிருந்து வருகிறது என்று அத்தை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மகள் கண்ணைத் திறந்தாள். “என்னம்மா?”

“நீ… இப்ப ஆமென் சொன்னியா?”

“நீதானே பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணின.”

அத்தை அந்த வேலைக்கு அப்புறம் போகவில்லை. பாஸ்டர் வந்து வீடு முழுக்க ஜெபித்தார். வேறு வீடு பார்த்துப் போனார்கள். மகளுக்கு ஒரு குறையும் இல்லை. படித்து முடித்து வேலைக்குப் போகிறாள், சிரிக்கிறாள், சாப்பிடுகிறாள். ஒன்றுதான். எவ்வளவு பெரிய கட்டில் வாங்கிப் போட்டாலும் ஓரத்தில்தான் படுக்கிறாள்.

ஒரு நாள் ராத்திரி அத்தைக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் காலியான பாதியில் தானே படுத்துக்கொள்வோம் என்று போய், மெல்லக் கையை ஊன்றினார். விரிப்பு சில்லென்று ஈரமாக இருந்தது. மகள் கண்ணைத் திறக்கவே இல்லை. தூக்கத்திலேயே கொஞ்சம் நகர்ந்து சுவரை ஒட்டிக்கொண்டு, தன் பக்கத்தில் ஒரு சாண் இடம் விட்டுச் சொன்னாள்.

“இந்தப் பக்கம் வாம்மா… அங்க ஆள் இருக்கு.”