இடமில்லை என்று பாடிய வீடு

“இல்ல. அந்தக் கதவை மட்டும் நான் தட்டமாட்டேன்.”

“சூசையப்பர் வேஷம் போட்டுட்டு இப்படிச் சொல்ற! நிறைமாச மரியாளை நடுத்தெருவுல விட்டுட்டு ஓடிருவியா?”

எல்லோரும் சிரித்தார்கள். எலிசேயோ மட்டும் சிரிக்கவில்லை. ஒட்டுத்தாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நெருப்பையே பார்த்தான். கோவில் சுவரோரம் ஒரு கம்பளிக்குள் இருவர் மூவராக நெருங்கி உட்கார்ந்திருந்தோம். ஊர்வலம் புறப்பட இன்னும் நேரம் இருந்தது.

“அது இவனோட பெரியம்மா வீடு,” என்றேன் நான். “இவன்தான் எனக்குச் சொன்னான். வேணும்னா சொல்றேன். ஃபெலீசா, நீ மட்டும் நடுவுல சிரிக்கக்கூடாது.”

“சிரிப்பு வந்தா அது உன் குத்தம். சொல்லு.”

சொன்னேன்.

பல வருஷத்துக்கு முந்தைய கதை. இரவு எட்டு மணி. வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் தாய் வாய்க்காலை ஒட்டி மலைப்பக்கம் ஏறுகிற சாலை. நம் சாந்தா ஃபே ஊரில் அந்தப் பக்கம் அப்போது விளக்கு கிடையாது. முழங்கால் வரை பனி. சாலை வளைவில் தனியாக ஒரு மண்வீடு. அதில் எலிசேயோவின் பெரியம்மா யூஃபேமியாவும் அவள் கணவன் லிப்ராதோவும்.

கிறிஸ்துமசுக்கு முந்தைய இரவுகளில் நடப்பது நமக்குத் தெரிந்ததுதானே. மரியாளும் சூசையப்பரும் வீடு வீடாக இடம் கேட்டு வருவார்கள். ஊரே பின்னால் பாடிக்கொண்டு வரும். உள்ளே இருப்பவர்கள் இடமில்லை என்று திருப்பிப் பாடி விரட்ட வேண்டும். எவ்வளவு கெஞ்சினாலும் திறக்கக்கூடாது. ஊர்வலம் முடிகிற வீடு மட்டும்தான் திறக்கும். யூஃபேமியாவின் வீடு அந்த ஆண்டு விரட்டுகிற வீடு.

உள்ளே உறவினர்கள் நிறைந்திருந்தார்கள். அடுப்பில் சோளமும் பன்றிக்கறியும் கொதித்துக்கொண்டிருந்தன. எல்லோர் கையிலும் ஒயின்.

கதவு தட்டப்பட்டது.

பாட்டு இல்லை. ஒரே ஒரு குரல். அதைக் குரல் என்றுகூடச் சொல்ல முடியாது... நீர் நிறைந்த குழாயில் யாரோ காற்றை ஊதுவதுபோல.

‘திறங்க...’

“சூசையப்பர் நல்லாக் குடிச்சிருக்காரு!” என்று யாரோ கத்தினார்கள். வீடு அதிரச் சிரிப்பு. லிப்ராதோ ஓடிப்போய்க் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான். தாழ்ப்பாளைப் போட்டான். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எல்லோரையும்விட உரக்கப் பாட ஆரம்பித்தான்.

‘திறங்க... திறங்க...’

“இடமில்ல மச்சான்! கழுதையோட போய்ப் படு!” என்றான் லிப்ராதோ.

யூஃபேமியா கைகொட்டிச் சிரித்தாள். அவளும் சேர்ந்து பாடினாள்.

அப்புறம் கதவில் அடி விழுந்தது. மந்தமான, கனமான அடி. சுவரிலிருந்து மண் உதிர்ந்தது. மறுபடியும் ஒன்று... மறுபடியும். வெளியே நிற்பவர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை என்று நினைத்தார்கள். அடி விழ விழ, உள்ளே அதற்கேற்றபடி காலால் தரையைத் தட்டிப் பாடினார்கள்.

“அடப்பாவிகளா,” என்றாள் ஃபெலீசா மெதுவாக. “தாளம் போட்டாங்களா?”

ஆமாம். தாளம் போட்டார்கள்.

அடி நின்றது. மரத்தில் ஏதோ வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதற்குப் பிறகுதான்... சாலையின் கீழ்க்கோடியில் பாட்டுச் சத்தம் கேட்டது. நிஜ ஊர்வலம் அப்போதுதான் வளைவுக்கு வந்துகொண்டிருந்தது.

கதவுக்கு அடியிலிருந்து ஈரம் கசிந்தது. பனி உருகியிருக்கும் என்று நினைத்தார்கள். ஆனால் அதிலிருந்து ஆவி வந்தது. துரு ஏறிய இரும்பின் வாடை.

வெளியே கிடந்தது யூஃபேமியாவின் தம்பி ஒனோஃப்ரே. தொண்டை கிழிந்திருந்தது. பின்மண்டை மண்வெட்டியால் பிளக்கப்பட்டிருந்தது. கதவுப் பலகையில் அவனுடைய நகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கோடையில் வாய்க்கால் தண்ணீர் முறைக்காக மேட்டு நிலக்காரன் ஒருவனின் தாடையை அவன் உடைத்திருந்தான். பழிவாங்க அந்தக் குடும்பம் பனி விழும்வரை காத்திருந்தது. கொன்றவர்களைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் யூஃபேமியாவுக்குத் தூக்கம் வரவில்லை. லிப்ராதோ அன்றைக்குச் சொன்ன ஒரு சொல் அவள் காதை விட்டுப் போகவில்லை.

மறு ஆண்டு அதே இரவு. யாரும் அந்த வீட்டில் பாட வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்.

கதவு தட்டப்பட்டது.

‘திறங்க...’

லிப்ராதோ பாய்ந்துபோய்க் கதவில் முதுகைக் கொடுத்தான். “திறக்காத யூஃபேமியா. அது அவன் இல்ல.”

“எவன் இல்ல?”

அவன் தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“அன்னிக்கு மச்சான்னு கூப்பிட்டியே. யாருன்னு தெரிஞ்சுதானே கூப்பிட்ட?”

“பின்னால மூணு பேரு நின்னாங்கடி! கையில மண்வெட்டி! திறந்திருந்தா நம்மளையும் சேர்த்து வெட்டியிருப்பானுங்க!”

“அதுக்காகப் பாடினியா? என்னையும் பாட வெச்சியா?”

அடுப்பங்கரையில் தணல் கிளறும் இரும்புக்கம்பி இருந்தது. தாழ்ப்பாளைப் பிடித்திருந்த அவன் மணிக்கட்டில் அதை இறக்கினாள். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். அவன் விடவில்லை. மறுபடியும் இறக்கினாள்... முழங்கையில். முகத்தில். அவன் கை தானாக வழுக்க, கதவோரமாகச் சரிந்தான். தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தாள்.

வாசலில் யாரும் இல்லை. பனியில் ஒரு கால்தடம்கூட இல்லை. ஒரு குளிர் மட்டும் அவள் கன்னத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது. ஈரமண் வாடை.

அதே நேரத்தில் லிப்ராதோவின் சட்டைக் காலர் பின்பக்கமாக இறுகியது. அவன் கண்கள் பிதுங்கின. குதிகால்கள் மண்தரையைக் கீறிக்கொண்டே போக, அவனை ஏதோ வெளியே இழுத்தது. கதவு தானாக அறைந்து மூடியது. தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது.

முதல் அடி விழுந்தது. மந்தமான, கனமான அடி. சுவரிலிருந்து மண் உதிர்ந்தது.

“யூஃபேமியா... திற...”

அடி.

“திறடி... கொல்றாங்க...”

எலும்பு நொறுங்குவது பலகை வழியாகக் கேட்டது. என்ன இருந்தாலும் புருஷன். அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. இரும்பு பனிக்கட்டிபோல விரலில் ஒட்டியது. ஒரே இழுப்பு... அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலி ஒன்று நகர்ந்தது. யாரோ மேசையருகே உட்கார்ந்தார்கள். கிழிந்த தொண்டையில் காற்று போய் வந்தது. அவள் திரும்பவில்லை.

‘அக்கா...’ என்றது அது. ‘இப்பப் பாடுக்கா.’