கதவுக்குக் கீழே சைலன்சர்

"நாம போற வரைக்கும் அண்ணி காரை உட்டு எறங்கவே கூடாதுங்க!"

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் மாப்பிள்ளையின் தம்பி பதறினான். பக்கத்தில் இருந்த மெக்கானிக்கின் மடியில், செய்தித்தாள் சுற்றிய இரண்டு நீளத் தகடுகள்.

"சாப்பிட்டுட்டுத்தான் பொண்ணை அழைச்சுட்டு வருவாங்கன்னீங்களே தம்பி?"

"ராகு காலம் பொறக்கறதுக்குள்ள கெளம்பச் சொல்லிப் பெரியவங்க அவசரப்படுத்திட்டாங்களாமுங்க. எங்கண்ணனும் காரை எடுத்துட்டான். இதே ரோட்டுலதான் எதிர்ல வந்துட்டிருப்பான்."

"அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு, ரெண்டு பக்கமும் கதவுக்குக் கீழதான் சைலன்சர் வெச்சிருக்கறனுங்க. இந்தத் தகட்டை மேல மாட்டாம எடுக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே! இந்நேரம் கொதிச்சுக் கெடக்கும். எறங்கறப்பப் பட்டுச்சேலை பட்டாலே போச்சு. போனைப் போடுங்க."

"போட்டுட்டேதான் இருக்கறனுங்க. அந்தச் சத்தத்துல அவனுக்கு எங்க கேக்குது?"

மல்லசமுத்திரத்தில் பேருந்து நின்றபோது, எதிரே அதிர்வேட்டுப் போலச் சத்தம் கேட்டது. மேற்கூரை இல்லாத சிவப்புக் கார், மாலையோடு வந்தது.

தம்பி ஜன்னல் வழியே இரண்டு கைகளையும் ஆட்டினான். "அண்ணி, எறங்காதீங்க! போயிட்டே இருங்க!"

மணப்பெண் அவனைப் பார்த்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையின் தோளைத் தட்டினாள். கார் சாலையோரம் நின்றது.

"எதுக்குங்க நிறுத்தறாங்க?" தம்பி அலறினான்.

மெக்கானிக் தகடுகளோடு எழுந்து ஓடினார். படியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

எதிரே அவள், கொசுவத்தைக் கையில் பிடித்தபடி கதவைத் திறந்தாள்.