சண்டை அவனுக்கு, பேச்சு எனக்கு

அந்த விளையாட்டை முடித்ததும் நான் எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. திரையில் பெயர்கள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருந்தன. இத்தனை பேர் உட்கார்ந்து இல்லாத ஒரு நாட்டை உண்டாக்கியிருக்கிறார்கள், அதை மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற ஒருத்தி சோபாவில் சாய்ந்தபடி காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பு இல்லை.

நீங்கள் மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்கள், ஐயா. சொல்கிறேன். ஆனால் விளையாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் சொன்னால் நான் ஏதோ ராட்சசி மாதிரித் தெரிவேன். அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பியை எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டு நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவன் உள்ளே வந்ததே இல்லை. லாரி ஓட்டினான். மீசை அரும்பியதும் வண்டியேறியவன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். எப்போதாவது வருவான். குளிப்பான், ஒரு நாள் முழுக்கத் தூங்குவான், “என்னக்கா, நல்லா இருக்கியா?” என்று கேட்பான். நான் வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பான். குறையாகச் சொல்லவில்லை. அவன் சுபாவம் அது.

ஒரு மலைப்பாதைத் திருப்பத்தில் லாரி புரண்டது. முதுகின் அடிப்பகுதியில் அடி. நாளாகும், ஆனால் நடந்துவிடுவான் என்றார் டாக்டர். முன்னறையில் கட்டில் போட்டேன். அவனைப் புரட்டுவது, துடைப்பது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் நான்தான். கடை, வீடு, கட்டில் என்று என் இடுப்பும் கழன்றது. ஆனாலும் சாயங்காலம் கதவைத் திறக்கும்போது உள்ளேயிருந்து “வந்துட்டியாக்கா?” என்று ஒரு குரல் வரும். அப்படி ஒரு குரலுக்கு நான் பழகியவள் இல்லை.

அவனோடு வண்டியோட்டிய கூட்டாளி ஒருவர் அந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டிக் கொடுத்தார். தன் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டதாம். அதில் இருந்தது ஒரே ஒரு விளையாட்டு. ஒரு நாடு, அதன்மேல் ஓயாமல் சாம்பல் கொட்டுகிறது. எங்கிருந்து கொட்டுகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த மூன்று பேர் கிளம்புகிறார்கள்: வாள்காரன் ஒருத்தன், மருத்துவச்சி ஒருத்தி, வாயைத் திறந்தாலே பொய் சொல்கிற குள்ளத் திருடன் ஒருத்தன். நாமே பேர் வைக்கலாம். வாள்காரனுக்கு நெட்டை என்றும் மருத்துவச்சிக்கு அக்கா என்றும் வைத்தான். திருடனுக்குத் தன் லாரி முதலாளியின் பெயரை வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தான்.

வலி மாத்திரைகளால் அவனுக்குக் கண் மங்கியிருந்தது. எழுத்தெல்லாம் கலங்கித் தெரியும் என்பான். அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னேன். வழியில் யாரைப் பார்த்தாலும் என்ன பேசுவது என்று மூன்று நான்கு பதில்கள் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது என் வேலையாயிற்று. சண்டை அவனுக்கு, பேச்சு எனக்கு.

ஒரு பாலத்தில் கொள்ளைக்காரர்கள் மறித்தார்கள். நான் மரியாதையான பதிலாகப் பார்த்து எடுத்தேன்.

“அக்கா, அவன் கோடாலியோட நிக்கறான். நீ போய் சௌக்கியமான்னு விசாரிக்கற.”

“விசாரிச்சா என்ன குறைஞ்சு போச்சு?”

கொள்ளைக்காரன் கோடாலியை இறக்கிவிட்டு, தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அழ ஆரம்பித்தான். நெட்டை சிரித்த சிரிப்பில் முதுகு பிடித்துக்கொண்டு, நான் எண்ணெய் தேய்த்துவிட வேண்டியதாயிற்று. அவன் பிறந்ததிலிருந்து அதுவரை என்னோடு பேசியதை எல்லாம் கூட்டினாலும் அந்தச் சில மாதங்களில் பேசியதற்கு ஈடாகாது. நான் கடையில் என்ன செய்கிறேன் என்று கேட்டான். வில்லையை எப்படி விளிம்பு தேய்ப்பது என்று ஆர்வமாகக் கேட்டுக்கொண்டான். அதற்கு முன் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை.

பிறகு பிசியோ அம்மா வந்தார். கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். நெட்டை அவருக்கு சர்வாதிகாரி என்று பேர் வைத்தான். திறமைசாலி, அதை நான் மறுக்கவில்லை. வந்த கொஞ்ச நாளிலேயே அவனை வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார். தசை இறுக்கத்துக்காகக் கொடுத்துவந்த மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொன்னார். அது இனித் தேவையில்லை, சாப்பிட்டால் கால் துவண்டு போகும், மயக்கமாகவும் இருக்கும், பிறகு பயிற்சியால் பிரயோஜனம் இல்லை என்று தெளிவாகவே சொன்னார். எனக்கு எல்லாம் புரிந்தது.

கூட்டாளி மறுபடி வந்தார். வேறு ஊரில் லாரி ஆபீஸ் ஒன்றில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இருக்கிறதாம், நெட்டைக்காகச் சொல்லி வைத்திருக்கிறாராம். நெட்டை அதைக் கேட்ட முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கட்டிலில் கிடந்தபடியே செருப்பை மாட்டிவிட்ட முகம்.

“கேமை முடிச்சுட்டுக் கிளம்பிடறேன்க்கா. உனக்கும் பாவம், எவ்வளவு நாள்தான் தூக்கிச் சுமப்ப?”

அவன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான்.

முதலில் விளையாட்டைத்தான் இழுத்துப் பார்த்தேன். வழியில் யார் என்ன உதவி கேட்டாலும் சரி என்றேன். தொலைந்த ஆடு, மூடிய கிணறு, யாரோ ஒருவருடைய மோதிரம். நெட்டை, “ஊர்ல இருக்கறவன் வேலையெல்லாம் நம்ம தலையிலதானா?” என்று அலுத்துக்கொண்டான். எவ்வளவு இழுத்தாலும் ஒரு நாள் முடியத்தானே செய்யும்.

டாக்டர் நிறுத்திய அந்த மாத்திரையின் சீட்டு என்னிடம் இருந்தது. கடைக்குப் பக்கத்து மருந்துக் கடைக்காரர் தெரிந்தவர்தான், தம்பி எப்படி இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். பொடித்துப் பாலில் கலந்தேன். கொஞ்சம் சர்க்கரை கூடப் போட்டால் தெரியாது. விஷம் இல்லை, ஐயா. டாக்டர் அவனுக்கென்றே எழுதிக் கொடுத்த மருந்து. சாப்பிட்டால் நன்றாகத் தூங்குவான். ஓய்வு யாருக்குக் கெடுதல்?

“நேத்து நின்னேன்க்கா. இன்னிக்கு ஏன் முடியல?” என்று கேட்டான்.

“உடம்புன்னா அப்படித்தான், ஏறும் இறங்கும்” என்றேன்.

பிசியோ அம்மா என்னைச் சமையலறைக்குத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். “காலில் பிரச்சினை இருக்கற மாதிரி தெரியலை. மனசு விட்டுட்டாரோ?” நான் சொன்னேன், “சின்ன வயசுலேருந்தே அவன் அப்படித்தான். எதையும் பாதியில விட்டுடுவான்.” அது உண்மை இல்லை. நெட்டை எதையும் பாதியில் விட்டவன் இல்லை. ஆனால் அவர் நம்பினார். அதன்பிறகு அவனிடம் கொஞ்சம் கடுமையாகவே நடந்துகொண்டார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நடுவில் புகுந்து அவனுக்காகப் பரிந்து பேசியிருக்கிறேன்.

சில வாரங்கள் போன பிறகு அவனே கூட்டாளிக்குப் போன் போட்டு, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதான். பெரிய ஆம்பிளை, லாரியை ஒற்றைக் கையால் ஒடித்துத் திருப்பியவன். தலையைத் தடவிக் கொடுத்தேன். “நீ இல்லேன்னா என் கதி என்னக்கா?” என்றான். கூச்சமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. மனசு நிறைந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் விளையாட்டில் படகுத்துறைக்கு வந்தோம். அங்கே கயிறு இழுத்துப் படகு விடுகிற பெண் ஒருத்தி, என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டாள். வாயாடி, கடி ஜோக்காகச் சொல்லுவாள். நெட்டைக்குப் பிடித்துப்போயிற்று. பேச்சு என்னுடையது அல்லவா, நான் வேண்டாம் என்ற பதிலை எடுத்தேன். வழி ஆபத்தானது, இங்கேயே பத்திரமாக இரு என்றேன். திரும்பி அந்த வழியாக வந்தபோது துறை எரிந்து கிடந்தது. அவளுடைய தலைத்துணி மட்டும் கயிற்றில் தொங்கியது.

நெட்டை கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டான். “கூட்டிட்டு வந்திருக்கலாம்” என்றான். என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை, உடனே சமாதானம் சொன்னான்: “விடுக்கா. நீ என்ன பதில் சொல்லியிருந்தாலும் அவ செத்திருப்பா. கதை எழுதினவன் அப்படி எழுதிட்டான்.”

அதற்கு அடுத்து வந்த கடை விடுமுறை நாளில் அவன் குளியலறையில் விழுந்தான். பின்மண்டை தொட்டித் திண்டில் மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண்ணைத் திறக்காமலே போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு டிவி சும்மாவே இருந்தது. துணி போட்டு மூடி வைத்தேன். ஒரு நாள் துணியை எடுத்துவிட்டு, அவன் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். எனக்குச் சண்டை வராது. சண்டையை எளிதாக்கிக்கொள்ள ஒரு வழி இருந்தது, அதைத் தொடக்கூடாது, அது ஏமாத்து என்று அவன் சொல்லியிருந்தான். நான் தொட்டேன். சாம்பல் நின்றது. குன்றின்மேல் எல்லாரும் நின்று வெயிலைப் பார்த்தார்கள். வாள்காரன் இருந்தான், திருடன் இருந்தான். மருத்துவச்சி இல்லை. எங்கே போனாள் என்று யாரும் கேட்கவும் இல்லை. முதலில் அது எனக்குத் தோன்றவில்லை, டீ குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அவள் வழியிலேயே நின்றுவிட்டாளா? எல்லாரும் சுகமான பிறகு அவளுக்கு அங்கே என்ன வேலை என்று எழுதினவர்கள் நினைத்துவிட்டார்களா? கடையில் வில்லை தேய்க்கும்போதெல்லாம் இதே யோசனை. வாடிக்கையாளர் ஒருவருக்கு இடது வலது மாற்றி மாட்டிக் கொடுத்து முதலாளியிடம் பேச்சு வாங்கினேன்.

வாக்கரைத் திரும்ப எடுத்துப்போக வந்த பிசியோ அம்மா அலமாரியில் மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கிறார். எப்போதோ நிறுத்திய மருந்து, புது அட்டை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் வீட்டுக்கு வந்து கேட்ட அன்று மாத்திரையை மட்டும் ஒத்துக்கொள்வதாகத்தான் இருந்தேன். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள் என்று.

ஆனால் உங்கள் ஆட்கள் போன பிறகு ஒரு காரியம் செய்தேன். நெட்டை விளையாட்டை வழியெங்கும் சேமித்து வைத்துக்கொண்டே போகிறவன், சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஆடலாம். படகுத்துறைக்கு முன்னால் அவன் சேமித்த இடம் ஒன்று இருந்தது. அங்கே போய், அந்தப் பெண் கேட்டபோது, வா என்று சொன்னேன். அவன் சொன்னது சரிதான் என்று பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். எங்கேயாவது அவள் சாகத்தான் போகிறாள் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் காத்துக்கொண்டிருந்தேன். சாகவில்லை, ஐயா. கடைசிவரை வந்தாள். குன்றின்மேல் மற்றவர்களோடு நின்றுகொண்டு ஒரு கடி ஜோக் சொன்னாள்.

பெட்டியை அணைத்துவிட்டு உங்களைப் பார்க்க நானே கிளம்பி வந்தேன். களைத்துப் போயிருக்கிறேன். மிச்சத்தையும் சொல்லிவிட்டால் கொஞ்சம் படுக்கலாம்.

அன்று நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், குழாய்ச் சத்தத்தில் அவன் விழுந்தது கேட்கவில்லை என்று நான் முன்பு சொன்னதை எழுதி வைத்திருக்கிறீர்கள். குழாய் திறந்திருக்கவில்லை. அவன் பால் குடித்து முடித்திருந்தான். டம்ளர் என் கையில் இருந்தது. “பாத்ரூமுக்கு நானே போய்ப் பாக்கறேன்க்கா, நீ வராத” என்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முகத்தில் அந்தப் பழைய களை. பாலில் என்ன இருந்தது, கால் எப்போது துவளும் என்று எனக்குத் தெரியும். “பாத்துப் போ” என்றேன். ஒரே ஒரு தடவை விழுந்துவிட்டால் பயம் பிடித்துக்கொள்ளும், பிறகு இந்த ஆசையெல்லாம் வராது என்று நினைத்தேன்.

விழுந்த சத்தம் கேட்டது. “அக்கா” என்று கூப்பிட்டான். உடனே ஓடினால் பயம் பதியாது. டம்ளரை வைத்துவிட்டு நின்றேன். மறுபடி “அக்கா” என்றான், கொஞ்சம் மெதுவாக. அங்கேயே நின்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டு. அதற்கப்புறம் அவன் கூப்பிடவில்லை. அடம் பிடிக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்றாவது தடவை கூப்பிட்டிருந்தால் கட்டாயம் போயிருப்பேன், ஐயா. அவன்தான் கூப்பிடவில்லை.