அரிசி வாளிக்குள் ஒரு கதை

வெள்ளவத்தையில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன் இருக்கையில் மரக்கறிப் பையோடு இருந்த பெண், பக்கத்திலிருந்தவளிடம் சொன்னார்:

"அந்தப் பெட்டை கிணத்துக்குள்ள குதிச்ச நாள் தொடக்கம் எனக்குச் சோறு இறங்கேல்ல, சாந்தி."

"ஐயோ, எந்தப் பெட்டையக்கா?"

"மகளின்ர கதைப் புத்தகத்தில. பதினாறு வயசானால் பேரைப் பறிச்சுப்போட்டு நம்பர் குடுக்கிற நாடு. இவள் மட்டும் பேரைக் குடுக்கமாட்டன் எண்டு ஓடுறாள். கிணத்தோட முதலாம் பாகம் முடிஞ்சிட்டுது."

"பிள்ளையின்ர சோதினை முடியுமட்டும் அதை ஒளிச்சு வைக்கிறன் எண்டீங்களே?"

"ஓம், அரிசி வாளிக்குள்ள. அரிசி எடுக்கேக்க ரெண்டு ரெண்டு பக்கமாப் பார்த்து முடிச்சிட்டன்."

"சின்னப் பிள்ளையளின்ர கதையை நீங்களோ!" சாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரியாதை. ரெண்டாம் பாகம் மகளிட்ட. கேட்டால் களவா வாசிச்சது தெரிஞ்சுபோம் எண்டு மூண்டு நாள் வாயே திறக்கேல்ல."

"பிறகு?"

"இண்டைக்குக் காலமை அரிசி எடுக்கப் போனால், புத்தகத்துக்குள்ள ஒரு கடுதாசித் துண்டு. 'அம்மா, மற்றப் பாகம் பருப்பு வாளிக்குள்ள இருக்கு. நான் சோதினைக்குப் பிறகுதான் வாசிப்பன். முடிவைச் சொல்லிப்போடாதேங்கோ.'"