வரிசையை வளைக்காத ஊர்மிளா அம்மையார்

கடல் சூழ்ந்த தீவுகளைக் கம்பியால் கட்டியவரே! கணினிக்குக் கணினி கைகுலுக்கக் கற்பித்தவரே! நவுவா ஊர் தந்த நற்றமிழ்ச் செல்வியே! இருபத்தொன்பது ஆண்டுகள் எங்கள் வலைப்பின்னல் பிரிவில் உழைத்து, இன்று ஓய்வு பெறும் தலைவியே, வணக்கம்!

"மூஞ்சிக்கு நேரா புகழ்ந்தா எழுந்து போயிடுவேன்" என்று நேற்றே மிரட்டிவிட்டீர்கள். ஆகவே இனிச் சபையைப் பார்த்துப் பேசுகிறோம். தாங்கள் சும்மா உட்கார்ந்து கேளுங்கள்.

பெரியோர்களே! செய்தியைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, போய்ச் சேர்ந்ததென்று பதில் வரும்வரை விடாமல் அனுப்புவதே எங்கள் தொழில். ஊர்மிளா அம்மையாரின் குணமும் அதுவே. பதில் வராத கேள்வியை அவர் விட்டதாகச் சரித்திரம் இல்லை. மேலாளரைக் கேளுங்கள், பாவம்.

நம் தீவு நாட்டில் முதல் ஆட்சிக்கவிழ்ப்பு நடந்த எண்பத்தேழில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாயிரத்தில் மறுபடியும் கவிழ்ப்பு. தலைநகர் சுவாவில் கடைகள் எரிந்தன. ஆளாளுக்குப் பெட்டி கட்டினார்கள். எங்கள் பிரிவில் பதினொரு பேர் போய் மூன்று பேர் மிஞ்சினோம். வெளிநாட்டில் குடியேற அம்மையார் குடும்பமும் விண்ணப்பித்திருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியாத ஊரில் எப்படி இருப்பது? அவருக்கும் பயம்தான்.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நூற்று நாற்பது குடும்பங்கள் மாலை ஐந்து மணிக்குள் மின்னஞ்சலில் சம்மதம் அனுப்பினால்தான் வெளிநாட்டுக் குடியேற்ற நேர்காணல். தவறினால் இடம் போச்சு. அதில் அம்மையார் குடும்பமும் ஒன்று. அன்றைக்கென்று பார்த்து, மதியம் கடல் கடந்து போகும் எங்கள் ஒரே தடம் அடைத்துக்கொண்டது. ஒரு கடிதமும் நகரவில்லை!

அம்மையார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். குற்றவாளி யார் தெரியுமா? எங்கள் பாசம்தான்! ஊரை விட்டுப் போன எங்கள் சக ஊழியர் பாலசுப்பிரமணி, தன் கடிதங்களை அவருக்கு முன்பே போய் ஆக்லாந்திலிருந்த நரேந்திராவுக்குத் திருப்பிவிட்டிருந்தார். நரேந்திராவோ அங்கிருந்தும் வேறு ஊருக்குக் கிளம்பியபோது, பாலசுப்பிரமணி இன்னும் சுவாவில்தான் இருக்கிறார் என்று நம்பித் தன் கடிதங்களை அவருக்கே திருப்பிவிட்டார். ஒரே கடிதம் கடலைத் தாண்டித் தாண்டித் திரும்பியது. போதாக்குறைக்கு ஒவ்வொரு சுற்றிலும் "நான் குடிபெயர்ந்துவிட்டேன், எல்லாரும் நல்லா இருங்க" என்று ஒரு தானியங்கிப் பதில் வேறு! போனவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நாங்கள் ஒருவர் பெயரையும் அலுவலக முகவரிப் பட்டியலிலிருந்து எடுக்காமல் வைத்திருந்ததன் பலன் அது.

"இவங்க பேரை எடுத்துடலாமா?" என்று கோவிந்த் தயங்கினார். எங்களில் மூத்த பொறியாளர் அவர், கண் கலங்கியிருந்தது.

"அரே, பேரை எடுத்தா மனுஷன் ஒறவு அறுந்துடுமா? எடு!" என்றார் அம்மையார்.

பிறகு இரண்டு விதிகள் எழுதினார். ஐந்து கை மாறியும் ஆள் கிடைக்காத கடிதம் அங்கேயே விழட்டும். சின்னக் கடிதங்கள் முதலில் போகட்டும், பெரியவை பின்னால் வரட்டும். தடம் மூச்சு விட்டது! ஒற்றை வரிச் சம்மதங்கள் மளமளவென்று பறந்தன.

நான்கு ஐம்பதுக்குச் சம்மதக் கடிதங்களில் ஒன்றுதான் வரிசையில் நின்றது. அந்தக் குடும்பத்திடம் மட்டும் அத்தனை சான்றுகளையும் படமாக இணைக்கச் சொல்லியிருந்ததால் பெருத்துப்போன கடிதம். அம்மையாருடையது! அதற்கு முன்னால் ஊராரின் வேறு சின்னக் கடிதங்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன.

"அக்கா, ஒன்னே ஒன்னுதானே? முன்னே தள்ளிடுறேன்," என்று கோவிந்த் கெஞ்சினார்.

"கையை எடு. இன்னைக்கு என் லெட்டரு, நாளைக்கு பாஸ் லெட்டரு. அப்புறம் வரிசை எதுக்கு?"

ஐந்து அடித்தது. ஐந்து பத்துக்குத்தான் அவர் கடிதம் கிளம்பியது. வாசலில் காத்திருந்த கணவர் தேவேந்திரா கேட்டார்: "போச்சா?"

"எல்லாருக்கும் போச்சு. நமக்குத்தான் நேரத்துக்குப் போகலே." சொல்லிவிட்டு அழுதார். அதுவரை அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. தேவேந்திரா அவர் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

இடம் பறிபோனது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு அம்மையார் வேலைக்கு வந்தார். வடகோடி ரக்கிரக்கி வரைக்கும், அடுத்த தீவின் ட்ரெகேட்டி வரைக்கும் கம்பி இழுத்தவர் அவர்தான். எங்களில் நாற்பது பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்! அதற்குப்பின் இன்னொரு கவிழ்ப்பும் வந்தது. எங்கள் தடம் ஒரு நாளும் அடைபடவில்லை!

அம்மையீர்! போனவர்க்கு வழிவிட்டீர்கள், இருந்தவர்க்கு வழி போட்டீர்கள். நோய்நொடியின்றி, நூறாண்டு தாண்டி, தேவேந்திரா ஐயாவோடு சிரித்துச் சிறந்து வாழ்க! அடுத்த வாரம் மகள் வீட்டுக்கு ஆக்லாந்து புறப்படுகிறீர்கள் என்று கேள்விப்பட்டோம். மகிழ்ந்து போய் வாருங்கள். திரும்பி வரும் டிக்கெட்டையும் நீங்களே கேட்டு வாங்கியதாகக் கோவிந்த் சொன்னதும், நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினோம்!

என்றும் தங்கள் அன்பை மறவாத,
வலைப்பின்னல் பிரிவு ஊழியர்கள்,
சுவா, 2016